போன வருசக்காரி

"பின்னால கெட்டியாப் புடிங்க, கனம் அங்கதான் இருக்கு" என்று ஒருவர் சொல்ல, இரண்டு ஆட்கள் சைக்கிளைப் பக்கத்து அறையிலிருந்து தூக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பூவிழி எதிரே வந்து நின்றாள். பட்டுக்கோட்டையிலிருந்து ஒரத்தநாட்டுக்கு மழையோடு மழையாக வந்தவள். புடவை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது. காலில் செருப்பு அப்படியே கிடந்தது. ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா அறிவுமதி படுத்திருந்தாள். அந்தப் பக்கம் திரும்புவதற்குள் அக்காவின் சைக்கிள் கண்ணில் பட்டுவிட்டது.

"எங்க கொண்டு போறீங்க?"

"கொல்லைக்கும்மா. பெரியவரு சொன்னாரு."

"கீழ வைங்க."

"மழையில போடமாட்டோம்மா, மாட்டுக்கொட்டாயிலதான்…"

"கீழ வைங்கன்னு சொல்றேன்ல."

அரசு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிப் பழகிய குரல் அது. ஆட்கள் வைத்துவிட்டார்கள். வைத்த வேகத்தில் கைப்பிடியின் மேலிருந்து ஒரு தலையணை நழுவித் தரையில் விழுந்தது. ஒருவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரெத்தினம் எழுந்து உள்ளே வந்தார். அக்காவின் கணவர் சேரனுக்குப் பெரியப்பா. அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர் சொல்தான் முதல் சொல்.

"வந்ததும் வராததுமா என்னம்மா சத்தம்? சாவு விழுந்த வீட்டுல அந்தச் சனியன் எதுக்குக் கண்ணு முன்னாடி? அதுதானே உசுரக் குடிச்சது. பொம்பள சைக்கிள் ஓட்டி என்னாத்தக் கண்டா? அன்னைக்கே சொன்னேன், எவன் கேட்டான்?"

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ராமாயி நிமிர்ந்தாள். காலையிலிருந்து அழாமல், யாரோடும் பேசாமல், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தவள்.

"எம் பொண்ணு ஓட்டுச்சு. ஒம் பொண்ணு ஓட்டல. அதுக்கு இப்ப என்னாங்கிறே?"

ரெத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆட்கள் சைக்கிளை அறைக்குள்ளேயே திருப்பி வைத்தார்கள். அதன் பிறகுதான் பூவிழி செருப்பைக் கழற்றினாள்.

அவள் பெட்டிக்கு அருகே போய் நின்றாள். நெற்றியில் நாணயம், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. சிகிச்சையில் கொட்டிய முடி திரும்பவும் முளைத்துச் சுருள் சுருளாகக் காதுவரை வந்திருந்தது. அக்காவுக்கு அது பிடித்திருந்தது. "ஸ்கூல்ல ஸ்டைலா இருக்கீங்க டீச்சர்னு சொல்றாளுங்கடி" என்று போனவாரம்தான் போனில் சிரித்தாள். பூவிழியின் பார்வை முகத்தில் நிற்காமல் காலுக்குப் போனது. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணிக்கு மேலே பாதம் இரண்டும் பன்போல ஊதியிருந்தன. கணுக்கால் எலும்பே தெரியவில்லை. இரவோடு இரவாக வந்த வீக்கமில்லை அது. நாலைந்து நாளாவது ஆகியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் கண் இருந்தது.

"எப்படி ஆச்சு?" என்று பக்கத்தில் இருந்த அம்சவல்லியிடம் கேட்டாள். அம்சவல்லி எதிர்வீட்டுக்காரி.

"காலங்காத்தால எழுந்து சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. அப்படியே அதும்மேலயே சாஞ்சிட்டாங்களாம். அந்த டிவியில ஒரு பொம்ம வரும்ல, அதைப் புடிக்கிறேன்னு ஓட்டுனாங்களாம். உங்க மாமாதான் அழுதுகிட்டே சொன்னாரு."

பூவிழிக்குக் காது மடல் சுட்டது.

அந்தப் பொம்மையை அவளுக்கும் தெரியும்.

அறிவுமதி கணக்கு டீச்சர். வீரையனும் ராமாயியும் ஊரார் வயலில் நாற்றுப் பறித்து நட்டுப் படிக்க வைத்த இரண்டு பெண்களில் மூத்தவள். நாற்பது வயதில் சர்க்கரை தலைகாட்டியபோது உடற்பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். அவள் ஒரு நல்ல சைக்கிளாகப் பார்த்து வாங்கினாள். விடியும்போது புது ஆற்றங்கரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போவாள். சர்க்கரை குறைந்ததோ இல்லையோ, ஓட்டுவதில் அவள் ருசி கண்டுவிட்டாள். திருச்சியில் பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுக்கப் போனாள். அங்கேதான் ரெத்தினம் குறுக்கே வந்தார். டீக்கடையில் கூடிப் பேசுகிறார்களாம். கால்சட்டை போட்டுக்கொண்டு டீச்சர் கரையில் போகிறாளாம். சேரன் சண்டைக்காரர் இல்லை. யார் மனதும் நோகாமல் காரியம் முடிக்க நினைக்கிறவர். கோயம்புத்தூரிலிருந்து ஒரு யந்திரத்தை வரவழைத்தார். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரும்புக் கால் வைத்த அந்த யந்திரத்தில் சைக்கிளை மாட்டி, எதிரே டிவியையும் வைத்துக் கொடுத்தார். "இந்தா, ரோடே வேணாம். வீட்டுக்குள்ளயே உலகத்தைச் சுத்து" என்றார். சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிவந்து பெருமையாகக் காட்டினார்.

டிவியில் மலை வரும், கடல் வரும், எந்த நாட்டுத் தெருவோ வரும். மிதித்தால் திரையில் அவளைப்போல ஓர் உருவம் போகும். மேடு வந்தால் பெடல் நிஜமாகவே கனக்கும். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் அதில் ஓட்டினார்கள். சில நாள் அவர்களோடு ஓட்டிப் பார்த்தாள். "முன்னப்பின்ன தெரியாதவளை ஜெயிச்சு என்னடி பண்றது?" என்று விட்டுவிட்டாள். பிறகு ஒன்று கண்டுபிடித்தாள். முன்பு ஓட்டிய ரோட்டையே மறுபடி எடுத்தால், அதில் அவள் எப்போது மிக வேகமாக ஓட்டினாளோ அந்த ஓட்டம் வெளிறிய நிழல்போலப் பக்கத்திலேயே வரும். அன்றைக்கு எங்கே வேகம் எடுத்தாளோ அங்கே அதுவும் வேகம் எடுக்கும், எங்கே திணறினாளோ அங்கே திணறும்.

அறிவுமதி அந்த நிழலுக்குப் பெயர் வைத்தாள். முதலில் போன மாசக்காரி. "அடியே, இன்னிக்குப் போன மாசக்காரியை மலை ஏத்தத்துல புடிச்சிட்டேன்டி, அவ மூஞ்சியைப் பார்க்கணுமே" என்று பூவிழிக்குப் போன் செய்வாள். மாதாமாதம் ஒருத்தியை ஜெயித்துக்கொண்டே போனாள். கேட்கக் கேட்கப் பூவிழிக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். ஊரில் இத்தனை பேர் இருந்தும், பந்தயம் கட்ட அவளுக்கு அவளை விட்டால் ஆளில்லாமல் செய்துவிட்டார்களே என்று.

அப்புறம் மார்பில் கட்டி. தஞ்சாவூரில் ஆபரேஷன், மருந்து ஏற்றல். கட்டி போனது. ஏற்றிய மருந்தில் இதயம் பலவீனப்பட்டுவிட்டது. மெதுவாக ஓட்டலாம், மூச்சு வாங்கக்கூடாது என்றார் டாக்டர். மறுபடி ஏறி உட்கார்ந்தபோது, நிழலின் பெயர் 'போன வருசக்காரி' என்று மாறியிருந்தது.

ஒருநாள் பூவிழி அந்த அறையில் கட்டில் நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வெளிறிய உருவம் முன்னால் போய்விட்டது. வளைவில் ஒருமுறை முதுகு தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. அக்கா டாக்டர் சொன்னபடி மெல்ல மிதித்துக்கொண்டிருந்தாள். பூவிழியால் பொறுக்க முடியவில்லை.

"அதை அமத்திட்டு ஓட்டக்கூடாதாக்கா? தினமும் தோக்கறதுக்குன்னே ஏறுவியா?"

"யாருகிட்டடி தோக்கறேன்? அவளும் நான்தானே."

"அதான் எரிச்சலா இருக்கு."

"எனக்கும்தான் எரிச்சலா இருக்கு. எவ்வளவு திமிரா போறா பாரு. திரும்பியே பார்க்கமாட்டேங்கிறா." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவ அப்படிப் போனாங்கிறதுக்கு இந்த வீட்டுல வேற சாட்சி யாருடி இருக்கா? நான் ஒருத்திதான் பார்த்துக்கிட்டே போறேன்."

பூவிழி அன்றைக்குக் கோபத்தோடுதான் பஸ் ஏறினாள்.

இப்போது கண்ணாடிப் பெட்டியை விட்டு விலகி அந்த அறைக்குள் போனாள். சைக்கிள் யந்திரக் காலோடு கோணலாக நின்றது. சங்கிலியில் தூசி. யந்திரத்தின் வயரை அழகாக மடித்து, ரப்பர் போட்டு, யந்திரக் காலில் செருகி வைத்திருந்தாள் அக்கா. டிவியின் பிளக்கும் பிடுங்கியே கிடந்தது. பூவிழி வயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். போனமாதப் பரிசோதனையில் இதயம் இன்னும் தளர்ந்திருக்கிறது, கொஞ்சநாளைக்குச் சைக்கிளே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், அக்கா உடனே நிறுத்திவிட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. "போன வருசக்காரி கெடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தாள் அறிவுமதி. கணக்கு டீச்சர். சொன்ன விதியை மீறுகிறவள் இல்லை.

இன்றைக்கு இந்தச் சைக்கிள் ஓடவில்லை. பின்னே எதற்கு இதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்?

ஹாலில் அக்காவின் மாமியார் ஞானாம்பாள் பெட்டியைச் சுற்றி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்திருந்தாள். மருமகளைத் திட்டினாலும் உள்ளே பாசம் உள்ள கிழவி. சாவு வீட்டில் வாய்விட்டு அழும்போது அவளுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது.

"கட்டிலிலே படுக்கலியே, கண்ணு ரெண்டும் மூடலியே,
தலவாணி மேல தலவாணி அடுக்கி வச்சு சாஞ்சியே,
விடியிற வரைக்கும் மூச்சு வாங்கி உக்காந்தியே எங்கண்ணே,
வெளக்கக்கூட அணைக்கலியே, வேதனையச் சொல்லலியே…"

பூவிழியின் கையிலிருந்து வயர் நழுவியது.

தலையணை கைப்பிடியின் மேலிருந்துதானே விழுந்தது. படுத்தால் மூச்சு முட்டும் நோயாளிகளை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! நுரையீரலில் நீர் கட்டும்போது மல்லாக்கப் படுக்க முடியாது, சாய முடியாது. எதையாவது கட்டிப்பிடித்து முன்னால் கவிழ்ந்து உட்கார்ந்தால்தான் ஒரு வாய் காற்று இறங்கும். வார்டில் கட்டிலுக்குக் குறுக்கே மேசையைத் தள்ளி, அதில் தலையணை வைத்து, சாயுங்க என்று அவளே எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். அக்காவுக்கு மேசை தள்ளிக் கொடுக்க ஆளில்லை. முன்னால் கவிழ்வதற்குத் தோதான இடம் எது என்று அவளாகவே தேடி, தலையணையைக் கைப்பிடியில் வைத்து, ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

பூவிழி தன் போனை எடுத்துப் பார்த்தாள். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவையோ. அக்காவிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. அக்காவின்மேல் வந்த கோபத்தில் பல்லைக் கடித்தாள். எல்லாப் பந்தயத்தையும் தனியாகவே ஓடித் தொலைத்தவள், இதையும் அப்படியே ஓடியிருக்கிறாள்.

ஞானாம்பாளிடம் போய்க் குனிந்து, "அத்தை, ராத்திரி மூச்சு வாங்குனது மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

கிழவி மூக்கைச் சிந்திவிட்டு, "ஆஸ்பத்திரி போவோமான்னு அது அவன்கிட்ட கேட்டுச்சே. எங்காதுல விழுந்துச்சே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சேரன் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். காலையிலிருந்து அழுத கண். மழை தென்னையோலையிலிருந்து அவர் தோளில் சொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றார். பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். பூவிழிக்கு வரவில்லை.

"ராத்திரி என்ன நடந்துச்சு மாமா?"

"என்னம்மா?"

"அக்கா உங்ககிட்ட என்ன சொன்னா?"

அவர் தொட்டிக்குள் பார்த்தார். "மூச்சு வாங்குதுன்னு சொன்னா. ஒரு தடவை." தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு தடவ."

"நீங்க?"

"காலையில போவோம்னேன். நேத்து நம்ம உரக்கடைக்கு யூரியா லோடு வந்துச்சு பூவிழி. சம்பாவுக்கு ஜனம் அடிச்சுக்குது. நனையறதுக்குள்ள எறக்கணும்னு நானே மூட்டை தூக்குனேன். உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருந்துச்சு. படுத்தேன். அவ்வளவுதான் தெரியும்."

"வாசல்ல கார் நிக்குது. தஞ்சாவூர் எவ்வளவு தூரம்?"

"அவ எப்பவும் சொல்றதுதானேன்னு…"

"எப்பவும் சொல்லமாட்டா மாமா. அவ வாயிலேர்ந்து ஒரு தடவை வந்தாலே பெருசு. ரெண்டு தடவை கேட்டிருக்கா."

"என்னைக் கொல்லாதே பூவிழி."

"நானா கொல்றேன்?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "சைக்கிள்ல உக்காந்திருந்தான்னுதான் நான் சொன்னேன். ஓட்டிக்கிட்டு இருந்தான்னு அவங்களாத்தான் சொல்லிக்கிட்டாங்க."

"நீங்க இல்லைன்னு சொன்னீங்களா?"

அவர் முகத்திலிருந்து துண்டை எடுக்கவில்லை.

"எழிலிகிட்ட என்ன சொன்னீங்க?"

எழிலி அவர்களுடைய ஒரே மகள். கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் எடுக்காமல் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க மாமா. பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

"அதையேதான் சொன்னேன்."

பூவிழிக்கு அந்த மனிதரை ஓங்கி அறைந்துவிடத் தோன்றியது. கையைப் புடவைக்குள் இறுக்கிக்கொண்டாள். "அவ வந்ததும் நீங்க சொல்லணும். எடுக்கறதுக்குள்ள சொல்லணும். உங்க வாயாலயே. இல்லைன்னா நான் சொல்லுவேன்."

"இனிமே எனக்கு அவ ஒருத்திதான் பூவிழி."

"அவளுக்கும் அம்மா ஒருத்திதான்."

எழிலி வந்தபோது மழை விட்டிருந்தது. வாசலில் பறை உச்சத்தில் இருந்தது. காரைவிட்டு இறங்கியவள் யார் கையிலும் சிக்காமல் நேரே பெட்டிக்கு வந்தாள். கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள். கதறுவாள் என்று பெண்கள் எல்லோரும் கையை நீட்டித் தயாராக இருந்தார்கள். அவள் கதறவில்லை. விறுவிறுவென்று பக்கத்து அறைக்குள் போனாள். அடுத்த நிமிடம் இரும்பு தரையில் விழும் சத்தம் கேட்டது.

பூவிழி ஓடினாள். சைக்கிள் குப்புறக் கிடந்தது. எழிலி அதை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவ சொன்னேன் சித்தி! வேணாம்மா, ஓட்டாதேன்னு எத்தனை தடவ சொன்னேன்! ஓட்டலடி, ஓட்டலடின்னு பொய் சொல்லியிருக்கு எங்கிட்ட. அந்தப் பழைய ரெக்கார்டை ஜெயிச்சு என்ன கெடைக்கப்போவுது? நான் முக்கியமில்லையா? எனக்காக உக்காந்திருக்க முடியாதா?" திறந்த கதவு வழியே பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். "நீ நல்லா ஜெயிச்சிக்க! நல்லா ஜெயிச்சிக்க!"

சேரன் அறை வாசற்படியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ரெத்தினமும் இன்னும் நாலைந்து பேரும். பூவிழி அவரையே பார்த்தாள். சொல்லுங்கள். இப்போது சொல்லுங்கள். அவர் வாயைத் திறந்தார். பெரியப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அழாதம்மா" என்றார் மகளிடம். "அம்மாவுக்கு அதுல அவ்வளவு வெறி. நம்ம என்ன பண்றது?"

பூவிழி கதவைச் சாத்தினாள். வெளியே நின்றவர்களின் முகத்தில் அறைந்ததுபோலச் சாத்தினாள். உள்ளே மூன்று பேர்தான் இருந்தார்கள். அவளும் எழிலியும், படியிலிருந்து ஒரு கால் உள்ளே வைத்திருந்ததால் உள்ளே அகப்பட்டுக்கொண்ட சேரனும்.

"இங்க பாரு" என்று எழிலியின் கையைப் பிடித்து இழுத்தாள். "இந்த வயரைப் பாரு. ரப்பர் போட்டு மடிச்சது யாரு? உங்கம்மா. இதும்மேல தூசி பாரு, என் விரலைப் பாரு. இது ஓடி ஒரு மாசமாச்சு. உங்கம்மா உங்கிட்ட பொய் சொல்லல. டாக்டர் வேணாம்னாரு, நிறுத்திட்டா. இன்னிக்கு அவ ஓட்டவே இல்லை."

எழிலிக்கு மூச்சிரைத்தது. "அப்பா சொன்னாரே."

"இன்னிக்கு அவ ஓட்டல."

"பின்ன எதுக்கு அதுல ஏறினாங்க?"

பூவிழி குனிந்து ஓரத்தில் கிடந்த தலையணையை எடுத்தாள். அதன் நடுவில் இன்னும் ஒரு பள்ளம் இருந்தது. "மூச்சு விட" என்றாள். "படுத்தா மூச்சு முட்டியிருக்கு. இப்படி முன்னால சாஞ்சு உக்காந்தா கொஞ்சம் லேசா இருக்கும். அதுக்காக ஏறியிருக்கா."

எழிலி தலையணையை வாங்கினாள். அதையும் கீழே கிடந்த சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் கணக்கு டீச்சர் மகள்தான். விடை வருவதற்கு அதிக நேரமாகவில்லை.

"எப்பலேருந்து மூச்சு முட்டுச்சு?"

பூவிழி திரும்பிச் சேரனைப் பார்த்தாள்.

எழிலியும் அப்பாவைப் பார்த்தாள். கேட்கப் போகிறாள் என்று பூவிழி நினைத்தாள். அவள் கேட்கவில்லை. சுவரில் முதுகு ஒட்டி நின்ற அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேரன் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். "எழிலி…" என்று கையை நீட்டினார். அவள் தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

வெளியே ரெத்தினம் கதவைத் தட்டினார். "நேரமாவுதுப்பா. மழை மறுபடி புடிச்சிக்கிட்டா கட்டை எரியாது. வாங்க."

குளிப்பாட்டினார்கள். பச்சைக் கரை போட்ட புதுப்புடவை கட்டினார்கள். வாய்க்கரிசி போடும்போது எழிலி ஒவ்வொரு அரிசியாக வைப்பதுபோல வைத்தாள். ராமாயி மகளின் வீங்கிய பாதத்தை இரண்டு கையாலும் ஒரு தடவை தடவிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தெருமுனைவரை பெண்கள் போனார்கள். அதற்குமேல் ஆண்கள். சுடுகாட்டுக்குப் புது ஆற்றங்கரை ரோட்டில்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்களில் மழைத்தண்ணீர் தளும்பி நின்றது. அவள் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று சொன்ன அதே கரையில் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் முன்னால், பாதையை விலக்கிக்கொண்டு, ரெத்தினம் போனார். பூவிழிக்கு ஒரு கல்லை எடுத்து எறிய வேண்டும்போல இருந்தது. பறைச்சத்தம் தேயும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

வீடு கழுவி விட்டார்கள். பெட்டி நின்ற இடத்தில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள் அம்சவல்லி. பூவிழி அறைக்குள் போய்ச் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். எழிலி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

பொழுது சாயும்போது ஆண்கள் திரும்பி வந்தார்கள். ஆற்றில் முழுகிய ஈர வேட்டியோடு சேரன் முன்னால் வந்தார். மீசை எடுத்திருந்ததில் வேறு யாரோபோல் இருந்தார். சுடுகாட்டிலிருந்து வந்தவர் காலைக் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஞானாம்பாள் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு நிலைப்படியில் வைத்தாள்.

"எழிலி, அப்பா வந்துட்டாரு பாரு. காலுக்குத் தண்ணி ஊத்தும்மா."

எழிலி எழுந்து வந்தாள். சொம்பை எடுத்தாள். படியின் கீழே சேரன் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். அவருக்குப் பின்னால் ரெத்தினமும் மற்றவர்களும் தங்கள் முறைக்காக நின்றார்கள். மறுபடி தூறல் போட்டது.

அவள் சொம்பை மேல்படியில் வைத்தாள். தண்ணீர் சிந்தாமல் மெதுவாக வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

ஞானாம்பாள் பூவிழியைப் பார்த்தாள். பூவிழி நகரவில்லை.

தூறல் வலுத்தது. சேரன் உள்ளே போகாததால் பின்னால் நின்றவர்களும் போகவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவரே குனிந்து சொம்பை எடுத்தார். தண்ணீர் முழுவதையும் வலது காலிலேயே ஊற்றித் தீர்த்துவிட்டு, வெறும் சொம்போடு நின்றார்.